நம்ம வீட்டாளுங்க குழு: மார்ஃபா ஊர் வந்த கதை

டெக்சாஸ் அக்கா: [படம்]
டெக்சாஸ் அக்கா: மார்ஃபா வந்து சேர்ந்தாச்சு. டெக்சாஸ்லயே எல் பாசோ ஊர்லருந்து கிழக்க மூணு மணி நேரம். இதுதான் பிரெசிடியோ கவுண்டி கோர்ட்டு. கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி. 1886ல கட்டினது

மதுரை சித்தி: எவ்வளவு அழகு தாயி. ஆனா வர்ற வழி பூரா வெறும் பொட்டலா இருக்கே

டெக்சாஸ் அக்கா: ஆமா சித்தி. சிவாவா பாலைவனத்தோட மேட்டு நிலம், 4,600 அடிக்கு மேல உயரம். மழை வருஷத்துக்கு 15, 16 அங்குலம்தான். பக்கத்துல ஆறு கிடையாது

தம்பி: ஆறே இல்லாத இடத்துல எதுக்கு ஊரு? அதுவும் கவுண்டிக்கே தலைமையிடம்!

பெரியப்பா: அம்மாடி, ஊர் வழியா ரயில் போகுதா?

டெக்சாஸ் அக்கா: போகுது பெரியப்பா. கோர்ட்டு வாசல்லருந்து தெக்க நடந்தா தண்டவாளம்

பெரியப்பா: அப்போ தண்ணி பிடிக்க நின்ன இடம். நீராவி எஞ்சின் கரியை மட்டும் வச்சு ஓடாது, வழியில தண்ணி ஏத்தியே ஆகணும். வறண்ட சீமையில லைன் போட்டா தண்ணிக்குத்தான் முதல்ல இடம் பாப்பாங்க. தொட்டி வந்தா அதைப் பாத்துக்க ஆள், ஆளுக்கு வீடு, வீட்டுக்கு ஒரு கடை. லோகோ ஷெட்ல இருந்தவனுக்கு இது தெரியாதா

டெக்சாஸ் அக்கா: அப்படியே சொல்லிட்டீங்க!! 1880கள் தொடக்கத்துல தண்ணி நிறுத்தமாத்தான் ஆரம்பிச்சுது. எல் பாசோ பக்கத்துலருந்து லைன் போட்டு வந்தவங்கள்ல சீனத் தொழிலாளிங்கதான் ஏகப்பட்ட பேர். கிழக்கருந்து வந்த லைனோட 1883 ஜனவரியில பேகோஸ் ஆத்துப் பக்கம் சேர்ந்துச்சு

தம்பி: அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா?

டெக்சாஸ் அக்கா: தெக்க 60 மைல்ல ரியோ கிராண்டேயும் கோன்சோஸ் ஆறும் கூடுற இடத்துல பூர்வகுடிங்க நூத்துக்கணக்கான வருஷமா வெள்ளாமை பண்ணிருக்காங்க. தண்ணி இருந்த இடத்துல ஜனம் இருந்துச்சு. மேட்டுக்கு ஜனத்தைக் கொண்டுவந்தது ரயில்தான். மாட்டுப் பண்ணைக்காரங்களும் மாடு ஏத்த இங்க வர ஆரம்பிச்சாங்க

பெரியப்பா: சரி, கோர்ட்டு எப்படி வந்துச்சு?

டெக்சாஸ் அக்கா: அது முதல்ல வடக்க 21 மைல்ல ஃபோர்ட் டேவிஸ்ல இருந்துச்சு. 1854ல ராணுவம் கோட்டை போட்ட ஊரு, ஓடைத் தண்ணி உண்டு. ரயில்தான் அங்க போகல. 1885ல தலைமையிடத்தை இங்க மாத்திட்டாங்க. 1887ல ஃபோர்ட் டேவிஸ் பக்கத்தைப் பிரிச்சு ஜெஃப் டேவிஸ்னு தனிக் கவுண்டி ஆக்கினாங்க

தம்பி: நம்மூர்ல தாலுகா ஆபீசுக்கு நடக்குற சண்டை மாதிரியே இருக்கு

டெக்சாஸ் அக்கா: அப்புறம் 1911ல ராணுவ முகாம் வந்துச்சு. 1930ல ஜனத்தொகை 3,909, 2020ல 1,788. இப்போ ஓவியம், சிற்பம் பாக்கத்தான் வெளியாளுங்க வர்றாங்க. எனக்கு மனசுல நிக்கிறது பிளாக்வெல் பள்ளிக்கூடம். மண்கல்லுல கட்டினது. 1909லருந்து 1965 வரைக்கும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைங்களைத் தனியா அங்கதான் படிக்க வச்சாங்க

மதுரை சித்தி: தனியாவா? ஏன்?

டெக்சாஸ் அக்கா: ஒண்ணா உக்கார வைக்க மனசில்ல சித்தி. ஸ்பானிஷ் பேசினா தண்டனை. 1954ல பிள்ளைங்க கையாலயே ஸ்பானிஷ் வார்த்தைகளைச் சீட்டுல எழுத வச்சு, பெட்டியில போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல புதைக்க வச்சிருக்காங்க

மதுரை சித்தி: அடப்பாவிகளா. வீட்டுல அம்மா பேசுற பேச்சை?

பெரியப்பா: அந்த ஊரைக் கட்டி நிறுத்துனதுல அந்தக் குடும்பங்களோட உழைப்பு எவ்வளவு இருந்திருக்கும். அவங்க பிள்ளைக்கா இப்படி. கேக்கவே வயிறு எரியுது

டெக்சாஸ் அக்கா: அங்க படிச்சவங்களே கட்டடத்தை இடிக்கவிடாம காப்பாத்தினாங்க பெரியப்பா. 2024லருந்து அது தேசிய வரலாற்று இடம். நாளைக்குக் காலையில பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்

பெரியப்பா: போ தாயி. படம் அனுப்பு. பழைய தண்ணித் தொட்டி ஏதாவது மிச்சம் இருந்தா அதையும் எடு