ஆபீஸ் போயிட்டே கண்காட்சி வைக்கிறவங்க, அந்த ஏழு நாள் ஹால்ல யாரை உக்கார வைக்கிறீங்க?

லினோபூனை:
எல்லாருக்கும் வணக்கம். கிண்டில ஒரு தனியார் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன், பத்து வருஷமாச்சு, வீடு தாம்பரம். நாலு வருஷமா லினோகட் பண்றேன், அதாவது லினோலியம் ஷீட்ல படத்த செதுக்கி பேப்பர்ல அச்சு எடுக்கறது, எங்கயும் போய் படிக்கல, வீடியோ பாத்து கத்துக்கிட்டதுதான். பிரஸ் கிடையாது, மை தடவி பேப்பர் வெச்சு குழிக்கரண்டியோட முதுகால தேய்ச்சுதான் பிரின்ட் எடுக்கறேன், அந்தக் கரண்டிய அம்மா இப்போ அடுப்படி பக்கமே விடறதில்ல. துணி காயப்போடற கொடிதான் பிரின்ட் காயற இடமும். மழை மாசத்துல ஆயில் இங்க் ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுன்னு இருக்கும், வீட்ல யாராச்சும் தெரியாம தொட்டா செவுத்துல விரல் அடையாளம்தான்.

விஷயம் என்னன்னா, அஞ்சு பேர் சேந்து ஒரு க்ரூப் ஷோ, என்னையும் கூப்பிட்டிருக்காங்க. வாழ்க்கைல முதல் தடவை. திங்கள்லேந்து ஞாயிறு வரைக்கும், காலைல 11 டு ராத்திரி 7, யாராவது ஒரு ஆர்ட்டிஸ்ட் எப்பவும் ஹால்ல இருக்கணும்னு கண்டிஷன். மத்த நாலு பேரும் முழு நேரமா இதே வேலைதான். அதுல ஒரு அண்ணன் நேராவே கேட்டுட்டாரு, நாங்க வாரம் பூரா உக்காரணும், நீ ஞாயித்துக்கிழமை வந்து போட்டோ எடுத்துட்டு போயிடுவியான்னு. கோவம் வந்துச்சு, ஆனா அவர் கேட்டதுல தப்பு இல்ல. தேதி மார்ச் கடைசி வாரம். அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், அந்த வாரம் காய்ச்சல்னாகூட லீவு கிடைக்காது. ஆபீஸ்ல நான் படம் பண்றதே யாருக்கும் தெரியாது. என்ன பண்ணலாம்?

மைக்கறை:
நான் 31 வருஷம் பேங்க் வேலை, இப்போ ரிட்டயர்டு. வேலைல இருந்தப்பவே மூணு க்ரூப் ஷோல இருந்திருக்கேன், அதனால சொல்றேன். முதல்ல மார்ச் வேணாம்னு சொல்லுங்கம்மா. சும்மா "எனக்கு வசதிப்படாது"ன்னு இல்ல, ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஓகேவா, ஹால்ல நானே பேசறேன்னு சொல்லுங்க. தேதி மாத்தறதுக்கு அலையற வேலைய நாம எடுத்துக்கிட்டா மத்தவங்க பாதி இறங்கி வருவாங்க.

ரெண்டாவது, உக்கார முடியலன்னா வேற வேலையால ஈடு கட்டணும். படம் மாட்டறது, லேபிள் அடிக்கறது, விலைப்பட்டியல், வண்டி பிடிச்சு ஏத்தி இறக்கறது, ஞாயிறு ராத்திரி எல்லாத்தையும் கழட்டி பேக் பண்றது, இதெல்லாம் யாருமே விரும்பி செய்யாத வேலை. நான் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில ஷோ வெச்சப்போ முந்தின நாள் ராத்திரி ஏணி மேல நின்னு எல்லார் படத்தையும் மட்டம் பாத்து மாட்டினது நான்தான், வார நாள்ல வரலைன்னு அப்புறம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

இன்னொண்ணு, மத்தியானம் உக்காரறத பெரிய பாக்கியம்னு நினைக்காதீங்க. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு உக்காந்தேன். அன்னிக்கு பூரா வந்தது ரெண்டு பேர். ஒருத்தர் பாத்ரூம் எங்கன்னு கேட்டார். இன்னொருத்தர் ஏசி மெக்கானிக், என் படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கடைசில திரும்பி "சார் பிரேம் எங்க போட்டீங்க, ஃபினிஷிங் சூப்பர்"ன்னாரு. கூட்டம் வர்றது சாயங்காலமும் சனி ஞாயிறும்தான், அதுக்கு நீங்க இருப்பீங்களே.

நடுநிசி_கோடு:
கேட்டா கசக்கும், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தா ரெண்டும் உருப்படாது. கலைன்னா முழுசா இறங்கணும். ஒரு ரெண்டு வருஷத்துக்கு சேவிங்ஸ் வெச்சுக்கிட்டு வேலைய விடுங்க.

பழைய_தூரிகை:
நடுநிசி, அந்த அம்மா கேட்டது ஏழு நாளைக்கு வழி, நீங்க சொல்றது வாழ்க்கையவே மாத்திக்கன்னு. வாடகை யார் கட்டறது?

அக்கவுன்ட்ஸ்னு சொன்னதும் எனக்கு ஓவியர் பூபேன் கக்கர்தான் ஞாபகம் வந்தார். பம்பாய்ல பொறந்தவர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், 1962ல பரோடா போனப்புறமும் ஒரு ஃபேக்டரில பார்ட் டைமா கணக்கு எழுதிக்கிட்டேதான் படம் போட்டார். வாட்ச் ரிப்பேர்காரர், டெய்லர், பார்பர்னு அவர் வரைஞ்ச ஆளுங்க எல்லாம் தெருவுல கடை போட்டு உழைச்ச ஜனங்க. 2016ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல அவருக்கு தனியா பெரிய கண்காட்சியே வெச்சாங்க. நம்ம ஊர்ல ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்துல டிசைனரா இருந்தவர்தானே. சென்னை பக்கத்துல ஓவியர்கள் சேந்து உருவாக்கின சோழமண்டலம் கிராமம் எப்படி வந்துச்சு? ஓவியக் கல்லூரி பிரின்சிபால் பணிக்கரும் அவர்கிட்ட படிச்ச பசங்களும் பாத்திக் (மெழுகு வெச்சு துணில சாயம் போடறது) மாதிரி கைவினைப் பொருள் பண்ணி வித்து காசு சேத்துதான் 1966ல ஈஞ்சம்பாக்கத்துல இடம் வாங்கினாங்க. அவங்கள்லாம் சேத்துல நின்னவங்களா?

லினோபூனை, உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், வேலைக்கு போறவங்களுக்கு லினோ மாதிரி ஒத்துவர்ற மீடியம் கம்மி. நான் வாட்டர்கலர், வாஷ் போட்டு, அதாவது கலர தண்ணியா கரைச்சு பரப்பிட்டு, பாதில விட்டா ஓரத்துல கோடு விழுந்துடும், போச்சு. நீங்க ராத்திரி பத்து மணிக்கு அரை மணி நேரம் செதுக்கிட்டு உளிய கீழ வெச்சா அடுத்த புதன்கிழமை அதே கோட்டுலேந்து ஆரம்பிக்கலாம். பிரேம் போடும்போது மட்டும் பிரின்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விடற மாதிரி ஓரம் சுத்தி மவுன்ட் போர்டு அட்டை வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா நம்ம ஊர் ஈரத்துக்கு மை கண்ணாடில ஒட்டிக்கும். அப்புறம் நம்பர். பத்து பிரின்ட்னு முடிவு பண்ணிட்டா 1/10, 2/10னு பென்சில்ல எழுதி கையெழுத்து போடுங்க, பதினொண்ணாவது எடுக்காதீங்க, யார் கேட்டாலும்.

ஃபைல்_நம்பர்_7:
ஆபீஸ்ல சொல்லணுமான்னு இருக்கீங்க போல. நான் மத்திய அரசு. எங்களுக்கு 1964 நடத்தை விதிகள்ல 15வது விதி, எப்பவாவது செய்யற இலக்கிய, கலை வேலைக்கு முன் அனுமதி வேணாம், ஆபீஸ் வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். தனியார்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்து படிங்க, வேற வருமானம் கூடாதுன்னு ஒரு வரி இருக்கலாம். இருந்தா ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு பதில வாங்கி வெச்சுக்கோங்க, வாயால சொன்னது எதுக்கும் உதவாது. படம் வித்து வர்ற காச பிசினஸ் வருமானமா காட்டினா சம்பளக்காரங்க வழக்கமா போடற வருமான வரி ஃபார்ம் ஐடிஆர் 1 போட முடியாது, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

லினோபூனை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆர்டர எடுத்து பாத்தேன், அந்த வரி இருந்துச்சு, மெயில் போட்டேன், ஆபீஸ் நேரத்துல பண்ணாம இருந்தா ஆட்சேபணை இல்லன்னு மூணு நாள்ல பதில் வந்துடுச்சு. மேனேஜர் கூப்பிட்டு என் பையனுக்கும் டிராயிங் சொல்லித் தருவியான்னு கேட்டார், அத எப்படி தட்டிக் கழிக்கறதுன்னு தனியா ஒரு இழை ஆரம்பிக்கணும்.

ஹால்ல பேசினதுல ஏப்ரல் ரெண்டாவது வாரம் கிடைச்சிருக்கு. சனி ஞாயிறும் ஒரு வெள்ளிக்கிழமையும் நான், மாட்டறதும் கழட்டறதும் நான். மீதி நாலு நாளுக்கு என்ன ஈடு குடுக்கறதுன்னு யோசிச்சப்போ ஐடிஆர் பத்தி போட்டிருந்தத அந்த அண்ணன்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவர் மூஞ்சி மாறிடுச்சு, ரெண்டு வருஷமா ரிட்டர்னே போடலையாம், ஒரு மஞ்சப்பை நிறைய பில்லு தூக்கிட்டு வந்துட்டாரு. அவரப் பாத்து இன்னும் ரெண்டு பேர். ஸோ அவங்க உக்காருவாங்க, நான் கணக்கு பாக்கறேன். இப்போ பிரின்ட் எடுக்க வேண்டிய ராத்திரில பெட்ரோல் பில்ல அடுக்கிட்டு இருக்கேன், மைக்கறை அண்ணா சிரிக்காதீங்க.

மைக்கறை:
சிரிக்கலம்மா. என்னோடதும் ஒரு ஃபைல் இருக்கு.