சின்னப் பிள்ளைகளைக் குழுவுக்குள் விடலாமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வயல்வாடி (அக்கரைப்பற்று):

எங்கள் வட்டை (வயல்வெளி) விவசாயிகளுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்திய நேரம் தொடங்கியது. யாரிடம் பசளை இருக்கிறது, என்ன விலை என்று கேட்கத்தான் முதலில் சேர்ந்தோம். இப்போது பூச்சி, நோய், விதைப்புத் திகதி முடிவெடுக்கும் கண்ணக் கூட்டம் எப்போது, வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று நாள் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

போன சிறுபோகத்தில் எங்கள் பக்கம் பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளடித்தது. யூரியா போதவில்லை, இன்னும் ஒரு தரம் போடலாம் என்று பெரிய ஆட்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நானும் அதைத்தான் சொன்னேன். அப்போது ஒரு படம் வந்தது. நெல் தூரைக் கையால் விலக்கிப் பிடித்து, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே அடித்தண்டை எடுத்திருந்தது. கபில நிறத்தில் குறுணி போலப் பூச்சிகள் அப்பிக்கிடந்தன. பிடித்த விரலின் நகத்துக்குள் சேறு. கீழே ஒரு வரி: "மேலால பார்த்தா ஒன்றும் தெரியல்ல. இது அறக்கொட்டியான்தானே?"

அறக்கொட்டியானேதான், நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் கபிலத் தத்தி. அதற்கு மேல் யூரியாவைப் போட்டிருந்தால் இன்னும் பெருகியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, மருந்து அடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தூரின் அடிக்குப் படும்படி அடித்தோம். முழு வயலுக்கும் விசிறினால் அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாகும்.

நன்றி சொல்ல அந்த நம்பருக்கு எடுத்தேன். ஒரு பெண்பிள்ளையின் குரல். "வாப்பா வயலுக்குப் போயிட்டார் மாமா. படத்த நான்தான் அனுப்பினேன்." வயது 14. வாப்பாவுக்கு வாசிக்கச் சிரமம், அதனால் இரண்டு வருடமாகக் குழுவில் அவர் பெயரில் எழுதுவது இந்தப் பிள்ளைதான்!

விஷயம் தெரிந்ததும் குழுவில் பெரிய வாக்குவாதம். சின்னப் பிள்ளை இருக்கிற இடத்தில் எப்படி மனம்விட்டுப் பேசுவது, நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு, நம்பரை எடுத்துவிடுங்கள் என்று சிலர். எனக்கு அந்தப் பிள்ளை இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கல்லடி டீச்சர்:

என்னுடையது நல்ல அனுபவம் இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

2020இல் பாடசாலைகள் மூடியபோது நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, பிள்ளைகள் வரம்பில் போய் நின்று பாடத்தை இறக்குவார்கள். யாரும் விடுபடக் கூடாது என்று குழுவின் லிங்கை எல்லாப் பக்கமும் அனுப்பினோம். அங்கேதான் பிழை நடந்தது.

பூப்படம் போட்ட ஒரு நம்பர், வேறு பாடசாலை மாணவி என்று சொல்லிச் சேர்ந்தது. நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் கொஞ்ச நாளில் பயிற்சி அனுப்புவதை நிறுத்திவிட்டார். தாய்க்கு எடுத்தால், "அவ போனைத் தொடுறதே இல்ல டீச்சர்" என்றார். போக்குவரத்துத் திறந்ததும் குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போனேன். பிள்ளை என்னோடு கிணற்றடிக்கு வந்து வாளிக் கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். கன நேரத்துக்குப் பிறகுதான் வாய் திறந்தார். அந்த "மாணவி" ஒரு பெரிய ஆண். முதலில் கணக்குப் பாடம் கேட்டு, பிறகு படம் கேட்டு, பிறகு மிரட்டியிருக்கிறான். மூன்று கிழமை யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா போனைப் பறிச்சிருவாங்க. படிப்பு நின்றுரும்."

1929க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்தோம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்தக் குழுவில் வந்திருக்கக் கூடாதவன் அவன். ஆனால் பயந்து வெளியே போனது பிள்ளை. வயல்வாடி அண்ணன், உங்கள் குழுவிலும் நம்பரை எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் பிள்ளையின் நம்பரைத்தான் சொல்கிறார்கள். பிள்ளையோடு தனியாகப் பேசக் கூடியவர்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள். முதலில் அந்த வழியை மூடுங்கள்.

காரைதீவான்:

டீச்சர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எனக்கு வாய்த்தது வேறு மாதிரி.

எனக்கு 15 வயதில் தமிழ் விக்கிப்பீடியாவில் கைவைக்கத் தொடங்கினேன். அங்கே வயது கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு முதலில் என்ன தோன்றும்? விபுலாநந்த அடிகள்தான். 1892இல் காரைதீவில் பிறந்தவர், யாழ் நூல் தந்தவர். "அம்பாறை மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினேன். ஒருவர் அதை மாற்றிவிட்டார். நான் திரும்பப் போட்டேன். அவர் திரும்பவும் மாற்றினார். எனக்குக் கோபம், என் ஊர் எந்த மாவட்டம் என்று எனக்குத் தெரியாதா?

அவர் உரையாடல் பக்கத்தில் பொறுமையாக எழுதினார்: அம்பாறை மாவட்டம் உருவானது 1961இல். அடிகள் பிறந்தபோதும், 1947இல் மறைந்தபோதும் காரைதீவு மட்டக்களப்பு மாவட்டம். "இன்றைய அம்பாறை மாவட்டம்" என்று எழுதினால் இரண்டும் சரியாக வரும், நீங்களே திருத்துங்கள் என்றார். "நீங்களே." அதுவரை என்னை அப்படி மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. என் வயது தெரிந்திருந்தால் "தம்பி, போய்ப் படி" என்றிருப்பாரோ என்னவோ. நாங்கள் பேசிய ஒவ்வொரு வரியும் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் இருந்தது, இன்பொக்ஸ் என்று ஒன்று இடையில் வரவேயில்லை. அது எவ்வளவு பெரிய காவல் என்று டீச்சரின் கதையை வாசித்த பிறகுதான் விளங்குகிறது.

பொத்துவில் காக்கா:

2024 நவம்பர் வெள்ளத்தில் "குளம் உடைஞ்சு வருகுது, ஓடுங்க" என்று எங்கள் குழுவில் குரல் பதிவு போட்டவர் ஐம்பது தாண்டிய ஆள். இது எங்கே இருந்து வந்தது, யார் சொன்னது என்று கேட்டது 16 வயதுப் பொடியன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் தாய் (களுவாஞ்சிக்குடி):

எல்லோரும் விடலாம் என்ற பக்கம் போகிறீர்கள். நான் இப்போதைக்கு விடமாட்டேன்.

என் மகனுக்கு 12. டிக்டொக், பேஸ்புக் எல்லாவற்றிலும் 13 என்றுதான் விதி. அவன் பிறந்த வருடத்தை 2002 என்று போட்டுக் கணக்குத் திறந்திருந்தான். தற்செயலாகத்தான் கண்டேன். சின்ன ஆட்களின் கணக்குக்கு அந்த இடங்களில் சில பூட்டு உண்டு, தெரியாத ஆள் செய்தி அனுப்ப முடியாது என்பது மாதிரி. பெரிய ஆள் என்று பதிந்தால் அந்தப் பூட்டு ஒன்றும் விழாது. 12 வயதுப் பிள்ளை பெரிய ஆளின் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தான், நானும் அடுப்படியில் நின்றுகொண்டு மகன் கார்ட்டூன் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இந்தத் தளங்களில் கணக்கு வைக்க முடியாது. வட்ஸ்அப் அதற்குள் வராது. அந்தச் சட்டம் இங்கே சரிவருமா என்பது வேறு கதை. ஆனால் அந்தச் செய்தியை வாசித்தபோது, நான் மட்டும் பயப்படவில்லை என்று ஒரு ஆறுதல்.

வயல்வாடி சொன்ன பிள்ளையும் வாப்பாவின் பெயரில்தான் இருந்தது, கவனித்தீர்களா? மறைந்து நிற்கும் பிள்ளைக்கு யாரும் காவல் நிற்க முடியாது. வைத்திருப்பதாக இருந்தால் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிய வைத்திருங்கள்.

வயல்வாடி:

அம்மா கடைசியில் சொன்னதைத்தான் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டினேன்.

நேற்று இரவு முடிவெடுத்தோம். லிங்கை அடைத்துவிட்டோம், இனி ஆளைத் தெரிந்தவர் சொன்னால்தான் சேர்ப்பது. பிள்ளை வாப்பாவின் நம்பரில்தான் இருப்பார், ஆனால் எழுதும்போது தன் பெயரைப் போட்டு எழுதுவார். அந்த நம்பருக்கு யாரும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, கேட்பதைக் குழுவில் கேட்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையாரின் மனைவியும் இப்போது ஒரு அட்மின். ஒன்று நடந்தால் பிள்ளை முதலில் அவரிடம் சொல்லலாம், அதற்காகப் போனை வாங்க மாட்டோம் என்று வாப்பாவிடமும் வாக்கு வாங்கினோம். மூன்று பேர் விலகிப் போனார்கள். போகட்டும்.

இன்று விடிய என் வயலில் நுனி கருகின மாதிரி இருக்கிறது என்று ஒரு படம் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில், கீழே பிள்ளையின் சொந்தப் பெயர்:

"மாமா, அடியைப் பார்த்தீங்களா? அடிப் படம் ஒன்று போடுங்க."

சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு திரும்ப இறங்கினேன்.