போன்ல வர்ற பணம் எல்லாமே வியாபாரமா?

லாட்ஜ்தெரு மளிகை, வேலூர்:
2025 ஜூலையில் கர்நாடகாவில் சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தியைப் படித்ததிலிருந்து மனசு நிலையா இல்லை. யுபிஐயில் வந்த பணத்தை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு நாலு வருஷத்தில் 1.63 கோடி வந்ததாம், 29 லட்சம் வரி கேட்டு நோட்டீஸ். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூரில் பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

என் கடை சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்தில், லாட்ஜுகள் இருக்கிற தெருவில். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். அரிசி, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய் எல்லாம் என்னிடம்தான். ஸ்டவ், குக்கர் நாள் வாடகைக்கும் தருகிறேன். முக்கால்வாசிப் பேர் போனில்தான் காசு போடுகிறார்கள்.

ஆனால் போனில் விழுவது எல்லாம் விற்ற காசு இல்லை. ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் ஒரு அம்மா வருவார். "தாதா (அண்ணா), ரெண்டாயிரம் போடறேன், கேஷ் குடுங்க." ஏடிஎம் கார்டு புருஷனிடம், புருஷன் வார்டில். அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது? இதற்கு ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை. என் தங்கச்சியின் சீட்டுப் பணமும் இதே கணக்கில்தான் விழுகிறது.

ஒரு வருஷத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். போனில் 31 லட்சம். அதில் கேஷ் கொடுத்தது, சீட்டு எல்லாம் சேர்ந்து 9 லட்சம் இருக்கும். ரொக்க வியாபாரம் தனியா ஒரு 10 லட்சம். ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு 40 லட்சம், அதற்குள்தானே வருகிறது? பக்கத்துக் கடைக்காரர் கியூஆர் அட்டையைக் கழற்றிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

காட்பாடி டீ:
நான் கழற்றிப் பார்த்தேன் அண்ணா, மூணே நாள். ரயிலுக்கு ஓடுறவங்க ஒரு டீக்கு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டறாங்க. சில்லறைக்கு நான் எங்க போறது? நாலாம் நாள் திரும்ப மாட்டிட்டேன்.

ராணிப்பேட்டை கணக்கர்:
மளிகை அண்ணா, உங்க கவனத்துக்கு வராத விஷயம் அந்த ஸ்டவ் வாடகை. 40 லட்சம் வரம்பு பொருள் மட்டும் விற்கிறவங்களுக்கு. வாடகை என்பது சேவை. அது சேர்ந்தாலே வரம்பு 20 லட்சம். உங்க உண்மையான வியாபாரம் 32 லட்சம், அதனால பதிவு பண்ணியே ஆகணும். வரம்பைத் தாண்டின 30 நாளுக்குள்ள செய்திருக்கணும், இனியும் தள்ளிப்போடாதீங்க. வரியில்லாத உருளைக்கிழங்கு விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும். வரியில்லாத பொருளை மட்டுமே விற்கிறவருக்குத்தான் பதிவு தேவையில்லை.

பயப்பட வேண்டாம். வருஷ வியாபாரம் 1.5 கோடி வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்கு காம்போசிஷன்னு ஒரு சுலபமான வரித் திட்டம் இருக்கு. வரியுள்ள விற்பனைக்கு 1 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டணும். வாடிக்கையாளர்கிட்ட வரின்னு தனியா வாங்கக் கூடாது. கடைக்கு ஒரு கரன்ட் அக்கவுண்ட் திறங்க, சீட்டுப் பணம் அந்தப் பக்கமே வரக் கூடாது. கேஷ் கொடுக்கிறதை நிறுத்தினா நல்லது.

பெங்களூர் வேலூரான்:
இங்கே பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு பண்ணிக்கோங்கன்னு முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகுதான் கொதிப்பு அடங்கிச்சு. வரி கேட்டது எனக்குத் தப்பாத் தெரியலை. இது எந்தப் பணம்னு முதல்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போன் கணக்கில் தொகை தெரியும், அது கடனா, சீட்டா, தக்காளியான்னு தெரியாதே.

லாட்ஜ்தெரு மளிகை, வேலூர்:
கணக்கர் தம்பி, ரொம்ப நன்றி. தினம் முப்பது ரூபாய் ஸ்டவ் வாடகையில இவ்வளவு இருக்குன்னு இத்தனை வருஷமா தெரியாது. திங்கட்கிழமை பேங்க் போறேன், பதிவும் செய்துடறேன். கேஷ் கொடுக்கிறதை மட்டும் நிறுத்த மாட்டேன். தனி நோட்டுப் போட்டு தேதி, தொகை, லாட்ஜ் அறை எண், கையெழுத்து வாங்கிக்கறேன், போதுமா? இன்னொண்ணு, கொல்கத்தாக்காரர் வாங்கினா அது வெளிமாநில விற்பனையா? காம்போசிஷன்ல அது கூடாதுன்னு எங்கேயோ படிச்சேன்.

ராணிப்பேட்டை கணக்கர்:
கடையில வந்து கையோட வாங்கிட்டுப் போறார், பில்லில் அவர் ஊர் விலாசம் எழுதலைன்னா உள்ளூர் விற்பனைதான் அண்ணா. பார்சல் போட்டு அனுப்பினாத்தான் சிக்கல். நோட்டில் யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் எழுதிக்கோங்க.