ஊடுநிறம், மூடுநிறம்: 'கிளேசிங்' என்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

ஓவியத்தில் கிளேசிங் (glazing) என்னும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், 'மெருகூட்டல்' போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெருகு என்றால் பளபளப்பு. நாம் பேசுவதோ காய்ந்த நிறத்தின் மேல் மெல்லிய இன்னொரு நிறத்தைப் பூசி, அடியில் இருப்பதையும் தெரியவிடும் வேலை. மெருகு மட்பாண்டத்துக்கே இருக்கட்டும்.

சென்ற வாரம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயலை நீர்வண்ணத்தில் வரையப் பழகும் மாணவி ஒருத்தி மஞ்சளையும் நீலத்தையும் தட்டிலேயே குழைத்துப் பூசினாள். தகரத்துக்கு அடித்த பெயின்ட் போல உயிரற்ற பச்சை. வேறு தாளில் வெறும் மஞ்சளைப் பூசிக் காயவிடச் சொன்னேன். பிறகு தண்ணீர் தூக்கலான நீலத்தை அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்தாள். மறுபடி தேய்த்தால் மஞ்சள் கரைந்து சேறாகிவிடும். ஒளி நீலத்தையும் மஞ்சளையும் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. கதிர் முற்றும் காலத்து வயலைப் போலப் பச்சைக்குள் மஞ்சள் நின்றது. "பச்சை பூசாமலே பச்சை வந்துவிட்டது, ரீச்சர்" என்றாள். இதற்குத்தான் பெயர் வேண்டும்.

இதே உரையாடலில் தங்கை ஒருத்தி தந்த 'ஊடுபடை' பொருளில் மிகச் சரி; படை என்றால் அடுக்கு. ஓசோன் படை, மண்படை என்றுதானே படித்தோம். ஆனால் மட்டக்களப்பில் 'படை' என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் போவது போருக்குத்தான். வயல் வரைய வந்த பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க என்னால் முடியாது.

நான் முன்வைப்பது ஊடுநிறம். தறியில் பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறமும் ஊடு (குறுக்கு நூல்) இன்னொரு நிறமுமாக இருந்தால், துணி மூன்றாவது நிறம் காட்டும். நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடியை மறைக்கும் பூச்சுக்கு 'மூடுநிறம்' என்ற இணைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. எண்ணெய் வண்ணத்துக்கும் பொருந்தும்: ஆளிவிதை எண்ணெய் விட்டு ஊடுநிறத்தை இளக்கலாம், மேற்பூச்சில் கீழ்ப்பூச்சைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையேல் நாளடைவில் வெடிக்கும்.

'ஊடல்' நினைவுக்கு வருமே என்று ஒருவர் தயங்கினார். ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுக்கப் போகிறவருக்கு அது வருவதில்லையே.

கல்லடியில் விபுலாநந்த அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயிலும் பிள்ளைகளிடம் ஊடுநிறம், மூடுநிறம் என்ற இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்க்கப் போகிறேன். தூரிகை பிடித்தபடி அவர்கள் வாயில் எது வருகிறதோ, அதை எழுதி அனுப்புகிறேன்.