எலும்பு மஜ்ஜை தானம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காரைக்குடி, தேவகோட்டைச் சொந்தங்களுக்கு வணக்கம். சென்னையிலுள்ள தாத்ரி பதிவகத்தில் தானம் தருபவராகப் பெயர் கொடுக்கப் போகிறேன். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய். கூடப் பிறந்த தங்கையின் திசு பொருந்தவில்லை. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே முழுப் பொருத்தம் நாலில் ஒரு பங்குதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ரத்த வகை இதில் முக்கியமில்லை, திசு வகைதான் பொருந்த வேண்டும். அது பரம்பரையாக வருவது. வெளிநாட்டுப் பதிவகங்களில் கோடிக்கணக்கானோர் இருந்தாலும், நம் வம்சாவளிக்காரர் ஒருவர்தான் பொருந்த வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாக நமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த ஊர்க்காரர்கள் நாம். நாம் பதியாவிட்டால் வேறு யார் பதிவார்கள்?

என் அப்பத்தா வளவில் உட்கார்ந்து அழுகிறார். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், பேரன் நான் முடங்கிவிடுவேன் என்ற பயம். அப்படியில்லை. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பதோடு சரி. பொருத்தம் வந்தால் சில நாள் ஊசி போட்டு, பெரும்பாலும் கை நரம்பு வழியாகவே ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜைச் செல்லை, பிரித்தெடுக்கிறார்கள். உடம்பு வலி இருக்கும், பிறகு போய்விடும். சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஏற்கெனவே கொடுத்தவர்கள் யாராவது அப்பத்தாவிடம் போனில் பேச முடியுமா? அப்புறம், பதிவு முகாம் நடத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபமோ, வீட்டு முகப்போ தர முடிந்தவர்களும் சொல்லுங்கள். பாதியில் பின்வாங்க மாட்டேன் என்கிற இளவட்டங்கள் பெயர் கொடுங்கள். கடைசி நேரத்தில் விலகினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.