துவக்குக் குழலுக்குள் கறள்: எண்ணெய் பூசியும் மீண்டும் வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். ரொறன்ரோவை அடுத்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1943 ஆம் ஆண்டு செய்யப்பட்ட .303 லீ-என்ஃபீல்ட் நான்காம் இலக்கத் துவக்கு ஒன்று, உரிய அனுமதியுடன் என்னிடம் உள்ளது. முன்பு வைத்திருந்தவர் முன்மரத்தைக் குறுக்கி, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார். நவம்பர் வேட்டைக்கு முன் கை பழகவேண்டும் என்பதற்காக, மலிவாகக் கிடைத்த பழைய பிரித்தானிய இராணுவத் தோட்டாக்கள் 20ஐச் சுடுதளத்தில் சுட்டேன். அன்றிரவே கடையில் வாங்கிய கரைப்பானாலும் பித்தளைத் தூரிகையாலும் குழலைச் சுத்தம் செய்து, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைத்து, எண்ணெயும் பூசி வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், குழலின் உள்ளே செம்மண் தூவியதுபோல் கறள் பிடித்திருக்கிறது. மீண்டும் துடைத்து எண்ணெய் பூசினேன். ஐந்தாம் நாள் மீண்டும் கறள். தோட்டாவிலிருந்து பாயும் சன்னத்தைச் சுழலவைப்பதற்காகக் குழலின் உட்சுவரில் வெட்டப்படும் திருகுப் பள்ளங்களான புரிகள் இரண்டே இரண்டுதான் தெரிகின்றன. மற்றவை தேய்ந்துவிட்டனவா என்றும் பயமாக இருக்கிறது. நான் எங்கே தவறினேன்?

மறுமொழி 1

தம்பி, முதலில் அந்த இரண்டு புரிகளைப் பற்றிய பயத்தை விடுங்கள். போர்க்கால அவசரத்தில் வேலையைக் குறைப்பதற்காக, வழக்கமான ஐந்து புரிகளுக்குப் பதிலாக இரண்டு மட்டுமே வெட்டப்பட்ட குழல்களும் லோங் பிராஞ்சில் செய்யப்பட்டன. உங்களுடையது அப்படிப் பிறந்தது, தேய்ந்ததன்று.

கறளுக்குக் காரணம் தோட்டா. அந்தக் காலத்து இராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது வெடிக்கும்போது பொற்றாசியம் குளோரைட்டு என்ற உப்பாக மாறிக் குழலின் சுவரில் படிகிறது. நம் சமையலறை உப்பைப் போலவே அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நீங்கள் வாங்கிய கரைப்பான் கரியையும் சன்னத்தின் மேலுறை விட்டுச்செல்லும் செம்புப் படிவையும் கரைக்குமே தவிர, அதில் தண்ணீர் கலந்திராவிட்டால் உப்பைக் கரைக்காது. எண்ணெயும் அப்படித்தான்: உப்பின்மேல் எண்ணெய் பூசினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக இருந்துகொண்டு தன் வேலையைச் செய்யும். உப்பைக் கரைப்பது தண்ணீர் ஒன்றுதான்.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, போல்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் நகரும் பாகத்தை) கழற்றி, குழல் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். குழல்வாயைக் கீழ்நோக்கி ஒரு வாளிக்குள் பிடித்து, பின்புறத்தில் நீண்ட மூக்குள்ள புனலை வைத்து, கேத்தலில் கொதித்த தண்ணீரை ஏறக்குறைய ஒரு லீற்றர் மெதுவாக ஊற்றுங்கள். மரத்துக்குள் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். கொதிநீர் என்பதற்குக் காரணம், சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும் என்பதுதான். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, வழக்கமான கரைப்பானால் கரியை எடுத்து, இறுதியாக மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள். போல்டின் முகப்பையும் வெந்நீரால் கழுவ மறக்கவேண்டாம். பிரைமரின் புகை அங்கும் படிந்திருக்கும்.

மறுமொழி 2

அண்ணா, கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஊற்றினால் போதும், அதிலுள்ள அமோனியா உப்பை முறித்துவிடும் என்று சுடுதளத்தில் ஒருவர் சொன்னார். அது சரியா?

மறுமொழி 1 எழுதியவர்

அமோனியா உப்பை முறிக்காது. அந்தத் திரவத்தின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சிறிது பயன் கிடைக்கிறது. வெறும் தண்ணீரே அதைவிட நன்று. அமோனியா உதவுவது செம்புப் படிவை எடுக்கத்தான், அதற்கென்று தனியான கரைப்பான் இருக்கிறது. செம்பு கரைந்தால் துணி நீலப்பச்சையாக வரும். ஆனால் துணியைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால் அதுவும் கரைந்து அதே நிறத்தைத் தரும். இதை அறியாமல், சுத்தமான குழலை இரவிரவாகத் தேய்த்தவர்கள் உண்டு.

மறுமொழி 3

வாய்ப்புறத்திலிருந்து இரும்புக் கம்பியை விட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். சன்னம் கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் குழல்வாயின் விளிம்பு. அது ஒருபக்கமாகத் தேய்ந்தால் குறி விலகும். துவக்கின் பின்மரத்து மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்க் குப்பியும் பித்தளைக் குண்டு கட்டிய இழுகயிறும் வைப்பதற்கான இடம் அதுதான். கயிற்றைப் பின்புறத்திலிருந்து இறக்கி, விளிம்பில் உரசாதபடி நேராக இழுக்கவேண்டும்.

இன்னொன்று, நவம்பர் குளிரில் காட்டிலிருந்து வந்ததும் துவக்கைச் சூடான அறைக்குள் வெறுமனே கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த இரும்பில், குழலுக்குள்ளும்கூட, நீர் வேர்க்கும். தோட்டாக்களை அகற்றி, உறைக்குள் மூடியபடியே உள்ளே எடுத்துச்சென்று, அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்து துடையுங்கள். மறுபடி சுடுவதற்கு முன் குழலிலுள்ள எண்ணெயை உலர்துணியால் எடுத்துவிடவேண்டும். எண்ணெய் நிறைந்த குழலில் முதல் வெடி வேறிடத்தில் விழும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை வெந்நீர் ஊற்றினேன். வாளியில் விழுந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் துணியில் இலேசான பழுப்பு தெரிந்ததால் இன்னொரு முறை ஊற்றினேன். அதன்பின் ஒரு வாரமாகத் துணி வெள்ளையாகவே வருகிறது. போல்டின் முகப்பிலும் கறள் இருந்தது. நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். வாய்ப்புறத்தில் சில கரும்புள்ளிகள் குழிகளாக நிலைத்துவிட்டன. அவற்றைத் தேய்த்து எடுக்க வழி உண்டா?

மறுமொழி 1

இல்லை, எடுக்க முயலவும் வேண்டாம். அரைக்கும் பசை போட்டால் குழி போகாது, நல்ல புரிதான் தேயும். 100 மீற்றரில் ஐந்து வெடி வைத்துப் பாருங்கள். குறி ஒன்றாக விழுந்தால் அப்படியே வேட்டைக்குக் கொண்டுபோகலாம். குழிகளில் கரி தங்கும் என்பதால் துடைக்கும்போது மட்டும் இன்னும் நான்கு துணி கூடுதலாகச் செலவாகும்.