பெட்ரூம் கார்பெட்டில் எழும்பிய மேடு: எங்கள் வீட்டு அனுபவம்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். போன கோடையில், புழுக்கம் அதிகமான நாட்களில், பெட்ரூம் கார்பெட்டில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அலை மாதிரி ஒரு மேடு எழும்பிவிட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அதில் கால் தடுக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் மேட்டின் மேல் புத்தகப் பெட்டிகளை அடுக்கினேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் மேடு ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தது. தொய்ந்து உபரியாக நிற்கும் கார்பெட்டை அமுக்கினால் அது எங்கே போகும்?

அப்புறம் ஒரு மூலையைக் குறடால் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். சுவரோரமாக ஒல்லியான மரப்பட்டை, அதில் சுவர்ப் பக்கம் சாய்ந்த குட்டி ஆணிகள். கார்பெட் அதில்தான் மாட்டி நிற்கிறது. ஊரில் தொய்ந்த நாடாக் கட்டிலை இழுத்துக் கட்டுவோமே, இதுவும் அதே வேலைதான்.

முழங்காலால் இடித்துத் தள்ளும் சின்னக் கருவி சுவரோரத்துக்கு மட்டும்தான் உதவியது. நடு அறை மேட்டுக்கு பவர் ஸ்ட்ரெச்சர் வேண்டும், அதாவது கார்பெட்டை இழுத்து விறைப்பாக்கும் நீளமான கருவி. வாடகைக்குக் கிடைக்கிறது. அறையை முழுக்கக் காலி செய்து, அதன் ஒரு முனையை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து, பல் உள்ள தலையை இந்தச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்து, நெம்புகோலை அமுக்க வேண்டும். முட்டுக்கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள், இல்லாவிட்டால் சுவர் குழிந்துவிடும். பல், கார்பெட்டுக்கு அடியிலிருக்கும் மெத்தை விரிப்பை (பேட்) கிழிக்காத ஆழத்தில் இருக்கட்டும். 15 அடி நீள அறையில் எனக்கு இரண்டு அங்குலம் மிஞ்சியது. அதை வெட்டிவிட்டு, ஓரத்தை மழுங்கிய உளியால் சுவரிடுக்கில் செருகினேன். இப்போது அம்மா இருட்டிலும் தைரியமாக நடக்கிறார்.

*

அண்ணா, எங்கள் வீட்டில் ஷாம்பூ வாஷ் செய்த அன்றே அலை அலையாக எழும்பியது. நான் பதறிப்போய் ஆள் கூப்பிட்டேன். வந்தவர், "நன்றாகக் காயட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஃபேன் போட்டு விட்டோம், மூன்றாம் நாள் தானாகவே படிந்துவிட்டது. ஈரத்தோடு யாரும் இழுத்து வெட்டிவிடாதீர்கள்.

*

தரையில் பசை போட்டு ஒட்டிய கார்பெட்டுக்கு இந்த முறை சரிவராது, சார். எங்கள் பேஸ்மென்ட்டில் அப்படித்தான். மேட்டை அழுத்தினால் உள்ளே பசை விட்டுப்போன சத்தம் பொருபொருவென்று கேட்கும். பசை விட்ட இடத்தைத் திறந்து, சுரண்டி, புதுசாக ஒட்ட வேண்டியிருந்தது.